அதிகம் பார்த்த முகம்

கோபிசெட்டிபாளையத்தில் கேமராவையும் கணினியையும் வைத்துப் பிழைப்பவர்களில் கோகிலவாணியைத் தெரியாதவர்கள் குறைவு. வாரா வாரம் ‘டெஸ்க்டாப் வைத்தியம்’ என்று அவள் போடும் வீடியோவுக்குப் போட்டோகிராபர்களும் வெப்சைட் கட்டுபவர்களும் காத்துக்கிடப்பார்கள். டேப் விசையை அழுத்தினால் திரையோரக் கருவிப் பலகையெல்லாம் மறைந்து படம் மட்டும் நிற்கும் என்பாள். இணையத்தில் ஏற்றும் முன் படத்தைச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் பக்கம் திறப்பதற்குள் பார்க்க வந்தவர் காப்பி குடிக்கப் போய்விடுவார் என்பாள். எந்த மருந்தைச் சொன்னாலும் கடைசியில் ஒரு பத்தியமும் உண்டு. “ஒரு ஆளுக்கு ஒரு ஐடி. கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் ஒரே ஐடியில ரெண்டு பேரு உக்காராதீங்க.”

அவள் வீட்டில் மட்டும் அந்தப் பத்தியம் கிடையாது. கல்யாணமான புதிதில், அவளும் அவள் கணவன் பூபதியும் சேர்ந்து ஸ்டுடியோ ஆரம்பித்தபோது, இரண்டு பெயரையும் ஒட்டி ‘பூபதிவாணி’ என்று ஓர் ஐடி போட்டார்கள். கல்யாண நாள்தான் பாஸ்வேர்ட். அதைப் பிரிக்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. உபதேசம் ஊருக்குத்தானே.

வேலையிலும் அப்படியொரு பாகப்பிரிவினை. கல்யாணத்தில் படம் எடுப்பது பூபதி. காலையில் கணினி முன் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான படங்களில் தேறுவதைப் பொறுக்குவதும் அவன்தான். மத்தியானம் அதே நாற்காலியில் வாணி உட்காருவாள். பொறுக்கிய படங்களை வைத்து அந்தக் கல்யாணத்துக்கென்று ஒரு வெப்சைட் கட்டுவாள். இரண்டு பேருக்கும் கைகொடுத்தது ‘கண்ணோட்டம்’ என்ற மென்பொருள். கோயம்புத்தூர்க்காரர்கள் செய்தது. மானிட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கேமரா வழியாக அது வேலை செய்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண் எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கு வெளிச்சம் கூட்டும், கண் தாண்டிப் போகும் இடத்தை மங்கவிடும். ‘விரல் தப்பும், கண் தப்பாது’ என்று விளம்பரம் செய்தார்கள். அது வந்த பிறகு பூபதிவாணி ஆல்பங்களில் ஒரு தனிக் களை வந்துவிட்டது என்று ஊரே சொன்னது.

ஊருக்கெல்லாம் குறிப்பு சொன்னவளுக்கு ஒரு நாள் மத்தியானம் அந்த மென்பொருளே ஒரு குறிப்பு சொன்னது. திரையின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது.

‘நீங்கள் அதிகம் பார்க்கும் முகம் இது. நிரந்தர ஒளி வைக்கலாமா? ஆம் / வேண்டாம்.’

மேலே ஒரு வட்டம். வட்டத்துக்குள் கிருபா.

கிருபா பஸ் ஸ்டாண்ட் ரோட்டில் பார்லர் வைத்திருந்த பியூட்டிசியன். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு அவள்தான் அலங்காரம். முகூர்த்தம் முடியும் வரை பெண்ணின் தோளோரம் நின்று, வேர்வை ஒற்றி, பூவைச் சரிசெய்து கொண்டிருப்பாள். அதனால் யார் கல்யாணப் படமாக இருந்தாலும் ஓரத்தில் அவள் முகம் இருக்கும். இருபத்தைந்து வயது. சிரித்தால் கன்னத்தில் குழி விழும், சிரிக்காவிட்டாலும் நன்றாகத்தான் இருப்பாள்.

போன மாசிக் கல்யாணம் ஒன்று முடிந்து வந்து சாப்பிடும்போது, கொள்ளுப் பருப்பைப் பிசைந்துகொண்டே பூபதி சொல்லியிருந்தான். “அந்தக் கிருபாப் புள்ள கை வெச்சா நமக்கு லைட்டே வேண்டாம் புள்ள.”

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். வாணிக்கு அன்றைக்கே தொண்டையில் ஒரு முள் நின்றது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவளைப் பார்த்து லைட்டே வேண்டாம் என்று அவன் சொன்னதில்லை. அன்று முதல் எந்த ஆல்பத்தைத் திறந்தாலும் அவள் மனசு முதலில் தேடியது கிருபா எங்கே என்றுதான். பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவள் ஒப்பவில்லை. தலைவலி என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டாள்.

இப்போது மென்பொருளே வட்டம் போட்டுக் காட்டுகிறது. காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன். வாணி ‘வேண்டாம்’ என்பதை ஓங்கி அழுத்தினாள்.

விரல் சொன்னதை அது கேட்கவில்லை. அடுத்த ஆல்பத்தில் கிருபா இன்னும் பளிச்சென்று இருந்தாள். வாணி அந்த முகத்தைப் பெரிதாக்கி, கையாலேயே வெளிச்சத்தைக் குறைத்தாள். மறுநாள் திறந்தால் நேற்றைவிடக் கூடியிருந்தது. மறுபடி குறைத்தாள், மறுபடி கூடியது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். படத்தில் மஞ்சள் ஏறாமல் காக்கும் ஒயிட் பேலன்ஸை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தக் காமாலை வந்திருந்தது.

வெட்டவெளிச்சமானது ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்கு இணைச்சீர் செய்வது எவ்வளவு பெரிய மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டு உடுத்தி, தம்பி பக்கத்தில் அவள் உட்காரும் படம்தான் அவள் வீட்டு ஹாலில் காலத்துக்கும் தொங்கும். ஆல்பத்தைத் திறந்த அன்று அந்த அக்காவே போன் செய்தார்.

“ஏனுங்க வாணி, அது என்ற இணைச்சீரா, அந்த மேக்கப் புள்ளையோட இணைச்சீரா? நான் கரிச்சட்டியாட்டம் இருக்கறேன். எனக்குப் பொறகால சேலை மடிப்புப் புடிச்சவ மகாலட்சுமியாட்டம் இருக்கறா!”

வாணி மன்னிப்புக் கேட்டாள். ஊர் வாயிடம் மன்னிப்புக் கேட்க முடியுமா? வெப்சைட் எல்லோர் கையிலும் இருந்தது. பழைய ஆல்பங்களையும் தேடித் திறந்தார்கள். ஆல்பத்தை யார் எப்போது திறந்தாலும் அந்த நேரத்தில் படத்துக்கு வெளிச்சம் போடுவது பூபதிவாணி ஐடிதான் என்பதால், பழையதிலும் கிருபா ஜொலித்தாள். போட்டோகிராபருக்கு அவள்மேல் ஒரு கண் என்றார்கள். பூபதியின் தோளைத் தட்டி இரண்டு பேர் சிரித்ததோடு அவன் பங்கு முடிந்தது. பழி முழுக்கக் கிருபா வீட்டு வாசலில் இறங்கியது. இந்த விஷயத்தில் நம் ஊரின் நியாயம் என்றைக்குமே அப்படித்தான்.

ஒரு பிற்பகல் கிருபா ஸ்டுடியோவுக்கு வந்தாள். முகத்தில் பவுடர்கூட இல்லை. அப்படியும் அழகாக இருந்தாள். வாணிக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

“அக்கா, ஆவணிக்குச் சொல்லியிருந்த மூணு வீட்டுக்காரங்களும் வேண்டாம்னுட்டாங்க. அது போகட்டுங்க. பவானியில எனக்குப் பேசி முடிச்சிருக்கறாங்க, தெரியுமில்லீங்களா? அவிங்கம்மா உங்க வெப்சைட்டைப் பாத்துட்டு, அந்தப் போட்டோக்காரன் ஏன் உன்னையவே இப்படி எடுத்திருக்கறான்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றதுங்க? அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. என்னையப் படத்துல இருந்தே எடுத்துடச் சொல்லுங்க.”

“நீ பொண்ணு பக்கத்துலயே நின்னா படத்துல வராம எங்க போவே?” என்றாள் வாணி.

“நான் நிக்காம எப்படீங்க்கா? அதுதானுங்களே என்ற வேலை.”

“அப்ப அதை உங்கண்ணன்கிட்டயே கேட்டுக்க.”

கிருபா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை வாணி பார்த்தாள். பார்த்ததும் மனசுக்குள் ஒரு மூலையில் இனித்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் பூகம்பம்.

“நான் அந்தப் புள்ளைய நேராக்கூடப் பாத்ததில்ல வாணி. உன்மேல சத்தியமா!”

“என்மேல எதுக்குங்க சத்தியம்? கண்ணு தப்பாதுன்னு உங்க மென்பொருளே சொல்லுது. என்ன, நான் வட்டம் போட்டேனா?”

“மெஷினு என்னத்தையோ உளறுது. அதைப் புடிச்சுக்கிட்டு நீ ஆடறயா?”

“இத்தனை வருசமா நாந்தானுங்க அந்த மெஷினோட குடும்பம் நடத்தறேன். அது உளறாது.”

பூபதி சாப்பிடாமல் எழுந்துபோனான். மறுநாள் காலையிலிருந்து ஒரு காரியம் செய்தான். வாணியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒரு மெரூன் பொட்டை எடுத்து, மானிட்டர் மேலிருந்த கேமராவின் கண்ணில் ஒட்டிவிட்டு வேலை செய்தான். பார்த்தால்தானே வம்பு என்று நினைத்திருப்பான். மத்தியானம் வந்த வாணிக்கு அந்தப் பொட்டு வேறு கதை சொன்னது. மடியில் கனம் இல்லாதவன் எதற்கு மறைக்கிறான்? பொட்டைப் பிய்த்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அன்றைய படங்களில் கிருபாவைத் தேடினாள். தினமும் காலையில் அவன் ஒட்டினான். தினமும் மத்தியானம் அவள் பிய்த்தாள்.

கிருபா முன்னைவிடப் பிரகாசமானாள்.

இதை இப்படியே விடக் கூடாது என்று வாணி முடிவு செய்தாள். ஆதாரத்தைக் கையில் வாங்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, அம்மா வீட்டுக்குப் பவானிசாகர் பஸ் ஏறுவது என்று பெட்டியில் நாலு சேலைகூட எடுத்து வைத்தாள். பிறகு கண்ணோட்டம் உதவி எண்ணை அழைத்தாள். பரிதா என்றொரு பெண் எடுத்தாள், சென்னைப் பேச்சு.

“மேடம், நீங்க டெஸ்க்டாப் வைத்தியம் வாணி மேடம்தானே? ஐயோ, எங்களுக்கு டிரெயினிங்லயே உங்க வீடியோதான் போட்டாங்க.”

அந்த நேரத்திலும் வாணிக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. விஷயத்தைச் சொன்னாள். “எங்க வீட்டுக்காரர் அந்த முகத்தை எந்நேரத்துல எவ்வளவு நேரம் பாத்திருக்கறாருன்னு தெரியணுங்க.”

பரிதா எதையோ தட்டிப் பார்த்தாள். “அந்த முகத்துல கண்ணு நின்னது எல்லாமே மத்தியானத்துலதான் மேடம். காலையில ஒண்ணுமே இல்லை. அதுவும் இப்ப கொஞ்ச நாளா காலையில கேமராவே மூடியிருக்கு.”

வாணியின் பார்வை மானிட்டர் ஓரத்துப் பொட்டுக்குப் போனது.

“காலையில வேலை செய்யறவர் முகத்தையே பார்க்கறதில்லை மேடம். லைட்டு, ஓரம், பின்னாடி இருக்கற தூணு, இப்படித்தான் பார்க்கறார். போட்டோகிராபருங்க முக்கால்வாசி அப்படித்தான். மத்தியானம் உட்கார்றவங்க வேற ஆளா?” என்று கேட்ட பரிதா, சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “மேடம், நீங்க ரெண்டு பேரும் ஒரே ஐடியா?”

“ஆமாங்க.”

“நீங்களே வாரா வாரம் சொல்வீங்களே மேடம்...”

“சொல்லுவேனுங்க.” என்றாள் வாணி. “நான் அந்தப் புள்ளைய ஆசையா பாக்கலீங்க. எரிச்சல்ல பாத்தேன். வெளிச்சத்தைக் கம்மி பண்றதுக்காகப் பாத்தேன். ‘வேண்டாம்’னு வேற அமுக்குனேன். அது உங்க மென்பொருளுக்குத் தெரியாதுங்களா?”

“கண்ணு எங்க நிக்குதுன்னுதான் மேடம் அதுக்குத் தெரியும். எதுக்காக நிக்குதுன்னு தெரியாது. பாசத்துல பார்த்தாலும் வயித்தெரிச்சல்ல பார்த்தாலும் அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்.” பரிதா தொடர்ந்தாள். “கவலைப்படாதீங்க. இந்த ஐடி கத்துக்கிட்டதை எல்லாம் மறக்கடிச்சிடலாம். ஒரு சொடுக்குதான். எல்லா ஆல்பமும் பழையபடி ஆயிடும். யாருக்கும் எதுவும் தெரியாது.”

யாருக்கும் தெரியாது. பேச்சை முடித்துவிட்டு வாணி அந்த வார்த்தையையே உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொடுக்கில் கிருபா மங்கிவிடுவாள். பெண்டாட்டி போட்ட சத்தத்தில் பூபதிக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொள்ளும். வாணியின் மானம் அப்படியே இருக்கும். பவானிக்காரர்கள் மட்டும் வேறு பெண் பார்ப்பார்கள்.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கன்னத்தில் குழி விழுகிறவளுக்கு வேறு மாப்பிள்ளையா கிடைக்க மாட்டான் என்றுகூட நினைத்தாள். அப்புறம் பவுடர் இல்லாத அந்த முகமும், செருப்பை மாட்டிக்கொண்டு போன விதமும் கண்ணுக்குள் வந்து நின்றன. இத்தனை மாதமாக ஊன்றிப் பார்த்த முகம், அவ்வளவு சுலபத்தில் போகுமா?

பூபதியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் கேட்டான், சிரிக்கவில்லை, கத்தவுமில்லை.

“இத்தனை மாசமா என்னையத் திருடனாட்டம் பாத்தே. அந்தக் கண்ணுதான் அங்கயும் வேலை பண்ணிட்டு இருந்துச்சா?” என்றான். பிறகு பெட்டியில் இருந்த நாலு சேலையையும் எடுத்து பீரோவில் வைத்தான். மறுநாள் காரை அவனே எடுத்தான்.

பவானியில் மாப்பிள்ளையின் அம்மா பாலாமணி, கூடுதுறைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். காப்பி கொடுத்தார், உட்காரச் சொன்னார், முகம் மட்டும் கொடுக்கவில்லை. வாணி எல்லாவற்றையும் சொன்னாள். ஐடி, கேமரா, பொட்டு, எதையும் விடவில்லை. பாலாமணிக்குக் கணினி விவகாரம் பாதிதான் விளங்கியது. மீதிப் பாதி நன்றாகவே விளங்கியது.

“அப்ப அந்தப் புள்ளைய உத்து உத்துப் பாத்தது உன்ற வூட்டுக்காரர் இல்ல, நீயி?”

“ஆமாங்கம்மா. நாந்தானுங்க.”

“எதுக்கு அம்மிணி?”

“பொறாமைதானுங்க.”

அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பாலாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒருத்தி ஊரு தாண்டி வந்து, தன்ற மானத்தைத் தானே கழட்டி என் வூட்டு நடு ஹால்ல வெக்கறான்னா, நம்பாம என்ன பண்றது? போயிட்டு வா கண்ணு. ஐப்பசியில தேதி வெக்கறோம். போட்டோ உன்ற வூட்டுக்காரரே எடுக்கட்டும்.”

பழைய ஐடியை மறக்கடித்தார்கள். பூபதிக்கு ஒன்று, வாணிக்கு ஒன்று என்று இரண்டு புது ஐடி போட்டார்கள். பொட்டு மட்டும் மானிட்டர் ஓரத்திலேயே இருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. அதோடு கதை முடிந்தது என்றுதான் வாணி நினைத்தாள்.

ஐப்பசியில் கிருபாவின் கல்யாணம் நடந்தது. தனக்குத் தானே அலங்காரம் செய்துகொண்டாள். பூபதி படம் எடுத்தான். வழக்கம்போல் காலையில் ஒளியும் ஓரமும் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தான். முகங்களுக்கு வெளிச்சம் இனி வாணியின் ஐடியிலிருந்துதான் வர வேண்டும். வாணி ஆல்பத்தை ராத்தூக்கம் கெட்டு அல்ல, பகலில் நிதானமாகத்தான் கட்டினாள். எழுத்துரு, பக்கம், பாட்டு என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். நன்றாக வந்துவிட்டது என்று அனுப்பியும் விட்டாள்.

மறுநாள் கிருபா போன் செய்தாள்.

“ஆல்பம் பாத்தேனுங்க்கா. ரொம்ப நல்லா இருக்குது. அத்தை அவ்வளவு அழகா இருக்கறாங்க. அவரு, அவரு தங்கச்சி, எல்லாருமே பளிச்சுன்னு இருக்கறாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “நான் மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கறேன். பரவாயில்லீங்க்கா. அதுவும் நல்லதுக்குத்தான். இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

வாணி ஆல்பத்தைத் திறந்தாள். தாலி கட்டும் படம். பாலாமணியின் மூக்குத்தி மின்னியது. மாப்பிள்ளையின் காது மடல்கூடத் தெளிவாக இருந்தது. நடுவில், மாலைக்கு மேலே, புகை படிந்தது போல் ஒரு முகம். அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் கல்யாணப் பெண் நிழலில் நின்றாள்.

வாணி பார்க்கவே இல்லை. வெட்கத்தில், ஒரு படத்தில்கூட அந்த முகத்தில் கண்ணை வைக்காமல் தாண்டித் தாண்டிப் போயிருந்தாள். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மென்பொருளுக்குத் தெரிந்திருந்தது.

கையால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். டியூப் லைட் அடித்தது போல் வெளிறியது. கண்ட்ரோல் இசட் அடித்துப் பின்வாங்கினாள். குறுக்கு வழி எதுவும் இல்லை. அத்தனை வாரமாக ஊருக்குச் சொன்ன குறிப்புகளில் ஒன்றும் இதற்கு உதவாது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டேப் விசையை அழுத்தினாள். பலகைகள் மறைந்து கிருபா மட்டும் நின்றாள். வாணி பார்க்க ஆரம்பித்தாள். நெற்றிச்சுட்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பிறர் தலையில் எத்தனையோ சுட்டியைச் சரிசெய்தவள், அவளுடையதைச் சரிசெய்ய யாரும் இல்லை. கன்னத்தில் குழி. அதைப் பார்த்ததும் உள்ளே அந்தப் பழைய முள் குத்தத்தான் செய்தது. இத்தனைக்குப் பிறகும் குத்துகிறதே என்று வாணிக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த படம். மாமியார் காதில் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரிக்கும் கிருபா. அதற்கடுத்த படம்.

காப்பி கொண்டுவந்த பூபதி பின்னால் நின்று திரையைப் பார்த்தான், வாணியைப் பார்த்தான். டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

காப்பி ஆறிப்போன பிறகு, வலது ஓரத்தில் அந்தக் கட்டம் எழுந்தது. வட்டத்துக்குள் கிருபாவின் முகம்.

‘நீங்கள் அதிகம் பார்க்கும் முகம் இது. நிரந்தர ஒளி வைக்கலாமா?’

எதற்காகப் பார்த்தாள் என்று அதற்கு இந்தத் தடவையும் தெரியாது. வாணி ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.